கிணற்று நீச்சல்

இன்று காலை லைஃப் ஜாக்கெட்டுகளை வெயிலில் காயப் போட்டேன். நனைந்த பஞ்சும் ஊரார் வியர்வையும் கலந்த அந்த முடை நாற்றம் வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. "இந்த நாத்தத்துக்கே எவனும் போட மாட்டேன்றான்" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் சோப்புப் போட்டு அலசுவாய். நான் அலசுவதில்லை. காயப் போடுவதோடு சரி.

கரியாலூர்ப் படகுத் துறையில் நாம் இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். சீட்டுக் கொடுப்பது நான். ஏறுவதற்கு முன் எப்படி உட்கார வேண்டும், கவிழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பாடம் எடுப்பது நீ. "நீச்சல் தெரிஞ்சவங்க கை தூக்குங்க" என்றுதான் ஆரம்பிப்பாய். தூக்கியவர்களுக்கு ஒரே பெருமை. முதல் ஜாக்கெட் அவர்களுக்குத்தான்.

ஒரு முறை ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார். "இன்னா தம்பி, எங்க கெணறு நாப்பது அடி. இந்தக் குட்டைக்குப் போயி ஜாக்கெட்டா?"

"நாப்பது அடி ஆழங்க. அகலம் எவ்ளோ?" என்றாய். நீயே தொடர்ந்தாய்: "கெணத்துல எந்தப் பக்கம் போனாலும் நாலு கை போட்டா செவுரு வந்துரும். இங்க கரை கிட்டக்க இருக்கிற மாதிரி தெரியும், வராது. கவுந்துட்டா படகை வுடாதீங்க. புட்ச்சிகினு கத்துங்க, நாங்க வந்துருவோம்."

உன்னுடையதும் கிணற்று நீச்சல்தான். தியாகதுருகத்துப் பக்கம் உங்கள் நிலத்துக் கிணற்றில் குதித்துக் குதித்துக் கற்றது. மலையில் பிறந்த எனக்கு ஓடைதான் தெரியும். அதில் முழங்கால் நனைந்தால் அதிகம். "தண்ணியில வேலை பாத்துகினு நீச்சல் தெரியாதுன்றியே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் மானத்தை வாங்குவாய்.

அந்த விடுமுறை நாளில், மணலூர்பேட்டைப் பக்கம் மழைக்கு நிரம்பிக் கிடந்த ஏரியில், உன் சொந்தக்காரருடைய பரிசலை எடுத்துக்கொண்டு போனோம். ஜாக்கெட் இருவருக்குமே நினைவு வரவில்லை. லீவு அல்லவா. நடு ஏரியில் கொக்குக் கூட்டத்தைப் படம் எடுக்க நான் எழுந்து நின்றேன். ஊருக்கெல்லாம் உட்காரச் சொல்கிற துறையில் சம்பளம் வாங்குகிறவன் எழுந்து நின்றேன். இதை உன் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. துணிவில்லை.

கவிழ்ந்த பரிசல் முழுகவில்லை. நான் அதைக் கட்டிக்கொண்டு கத்தினேன். நீயும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாய். பிறகு, "இதோ கிட்டக்கதான்டா கரை. போயி ஆளைக் கூட்டினு வரேன்" என்றாய்.

"வுடாதடா, படகை வுடாதடா" என்றேன். உன் பாடத்தை உனக்கே சொன்னேன். நீ கேட்கவில்லை. நன்றாகத்தான் நீந்திப் போனாய். பாதித் தூரம் தாண்டியதும் கை ஓய்ந்துவிட்டது. மீன் பிடிக்கிறவர்கள் வந்து என்னைக் கரை சேர்த்தபோது உன்னைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

இப்போது பாடம் எடுப்பது நான். நீ சொன்னதில் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. கை தூக்குகிறார்கள், தலையாட்டுகிறார்கள், படகு நகர்ந்ததும் ஜாக்கெட் கொக்கியைக் கழற்றிவிட்டு செல்ஃபி எடுக்கிறார்கள். முன்பு விசில் ஊதுவேன். இப்போது அதுவும் சலித்துவிட்டது. தினம் தினம் சொன்ன உனக்கே அந்த நேரத்தில் உதவாதது, ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன உதவும்? எனக்கு நம்பிக்கை இல்லை. வேலை என்பதால் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்மா கணவரை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "கவுந்து பொழச்சவரு நீங்கதானாமே தம்பி. படகை வுடாம இருந்ததாலதான் பொழச்சீங்களாம். இவருக்குக் கொஞ்சம் சொல்லுங்க, கேக்கவே மாட்டேன்றாரு." ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன்.

உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். நீ சொன்னதைக் கேட்டு நான் பிழைக்கவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது, அதனால் விடவில்லை.