பெயிண்ட் அடித்த வாரத்து அளவுகள்

அக்கா,

நேற்று மாலை டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் ஒரு முதியவருக்கு பிபி பார்த்துவிட்டு, கையில் சுற்றியிருந்த பட்டையைப் பிரித்தார். வெல்க்ரோ சர்ரென்று பிரிந்தது. அவ்வளவுதான். எனக்கு என்ன வாங்க வந்தோம் என்பதே மறந்துவிட்டது. "மேடம், ஔர் குச்?" என்று, வேறென்ன வேண்டும் என்பதைக் கடைக்காரர் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் சுதாரித்துக்கொண்டேன். அந்தச் சத்தத்துக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு, "துணி கிழியற மாதிரியே இருக்கு பாப்பா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னவர் நீங்கள்.

ஜங்புராவில் நான் பேயிங் கெஸ்டாக இருந்த வீட்டில் நீங்கள் சமையல் வேலை பார்த்தீர்கள். முதல் நாள் என் தமிழைக் கேட்டு, "ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுறியே" என்று கரண்டியோடு நின்று சிரித்தீர்கள். நான் டெல்லியிலேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்தான் என்னிடம் இருந்தது. உங்களிடம் விழுப்புரம் இருந்தது, நடுவில் இந்தி அச்சாவும் ஜல்தியும் கலந்து.

அப்போது எம்.ஏ. உளவியல் இரண்டாம் வருடம். உடலில் நடப்பதற்கும் மனதில் நடப்பதற்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு சிறு ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. எச்சிலை எடுத்து அதில் மன அழுத்த ஹார்மோனை அளக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கல்லூரியில் அதற்கு வசதி இல்லை. "அளக்க முடிஞ்சத ஒழுங்கா அள, போதும்" என்றார் ஆய்வுக்கு வழிகாட்டிய எங்கள் மேடம். தூக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் எடுத்துக்கொண்டேன். தூக்கம் குறையக் குறைய அழுத்தம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். யாரை வைத்துப் பார்ப்பது என்று நான் உங்கள் சமையலறையில் புலம்பியபோது, நீங்கள் வெங்காயத்திலிருந்து நிமிராமல் சொன்னீர்கள்: "தூங்காதவங்க வேணும்னா எங்க கேம்ப்புக்கு வா."

நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் ஓரத்தில், குடிசை வீடுகளாக இருந்தது உங்கள் கேம்ப். கோட்டி என்று சொல்லும் பங்களாக்களில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பும் மாலை நேரத்தில் வருவேன். ஒரே வயது வரம்புக்குள் இருப்பவர்கள், பிபி மாத்திரை சாப்பிடாதவர்கள் என்று பொறுக்கி எடுத்தோம். அளப்பதற்கு முன் டீ குடிக்கக் கூடாது, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வேண்டும் என்பது என் விதி. இரண்டுமே அங்கே நடக்காத காரியம். "வந்த புள்ளைக்கு டீ குடுக்காம கைய நீட்டுனா நல்லாவா இருக்கு?" என்று நீங்கள் சண்டை போட்டீர்கள். கடைசியில் அளந்த பிறகு டீ என்று சமாதானமானோம். பேசாமல் உட்கார வைக்கும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொண்டு, நீங்களே அதிகம் பேசினீர்கள்.

பாதி ஆய்வு முடிந்திருந்தபோது, ஒரு நாள் சந்துக்குள் நுழைந்தேன். சத்தமே இல்லை. ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் சிவப்புப் பெயிண்டில் ஓர் எண், இடிக்கப்போகும் வீடுகளின் கணக்கு. உங்கள் வீட்டுச் சுவரில் பெயிண்ட் காயாமல் வழிந்திருந்தது. மேம்பாலத்துக்குக் கீழே வீடு இடிக்கும் மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று தன் கையை மடித்துக்கொண்டு நின்றிருந்தது. அதை ஓட்ட ஆள் இல்லை. அன்று முதல் கேம்ப்பில் எல்லோரும் அதைப் பார்க்காதவர்கள் போல நடந்தார்கள்.

மேடத்திடம் போனேன். "இதுவரைக்கும் எடுத்ததையும் இனிமே எடுக்கறதையும் ஒண்ணாச் சேக்காத. அது ரெண்டும் வேற வேற ஜனங்க மாதிரி" என்றார். அளவுகளை இரண்டாகப் பிரித்தேன்: பெயிண்டுக்கு முன், பெயிண்டுக்குப் பின். அதன்பிறகு பெண்கள் கையை நீட்டிய விதமே மாறிவிட்டது. கூப்பிடாதவர்களும் வந்தார்கள். "இத எடுத்துட்டுப் போயி காட்டுனா இடிக்க மாட்டாங்களாம்மா?" என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "அதெல்லாம் இல்ல. இது காலேஜு வேல. ஆசப்படாம கைய நீட்டு."

அந்த வாரம் உங்கள் அளவு எகிறியிருந்தது. மறுபடி பார்த்தேன். இன்னொரு கையில் பார்த்தேன். பிபி கருவியில் கோளாறாக இருக்கட்டும் என்று என் கையிலேயே கட்டிப் பார்த்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது. இந்த அளவுக்கு மேல் போனால் ஆய்வை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைத்திருந்தோம். நீங்கள் அசையவில்லை.

"நான் அந்தாண்ட போற நேரத்துல சர்வேக்காரன் வந்தா? வூடு பூட்டியிருக்குன்னு எழுதிட்டுப் போயிடுவான், மாத்து வூடு கெடைக்காது."

"நான் உக்காந்திருக்கேன்க்கா. நீங்க வர்ற வரைக்கும் நகர மாட்டேன்."

மறுநாள் காலை உங்கள் மகள் செல்வி உங்களை அழைத்துப்போனாள். நான் உங்கள் வாசலில் உட்கார்ந்தேன். மதியத்துக்கு மேல் இரண்டு பேர் வந்தார்கள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. டேப்பைப் பிடித்துச் சந்தின் அகலத்தை அளந்தார்கள். ஒருவர் உங்கள் சுவரில் இருந்த எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு மேம்பாலத்தின் பக்கம் திரும்பி அந்த இயந்திரத்தைப் பார்த்தார். அது உள்ளே நுழையுமா என்றுதான் அளக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்கள் மாத்திரைகளோடு திரும்பி வந்து "யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டீர்கள். சொன்னேன். மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் பேசாமல் உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

முடிவுகள் வந்தபோது வரைபடத்தை உங்களிடம் காட்டினேன். ஒரு புள்ளி ஒரு பெண். யார் எந்தப் புள்ளி என்று சொல்லக் கூடாது. நீங்கள் மேலே தனியாக நின்ற ஒன்றைத் தொட்டு, "இது நான்" என்றீர்கள்.

"பயத்துலதான் ஏறுதுன்னு எழுது பாப்பா."

"எழுத முடியாதுக்கா. தூக்கம் கொறஞ்சவங்களுக்கு பிபி அதிகமா இருக்கு. அவ்ளோதான் இது சொல்லுது. பிபியால தூக்கம் போயிருக்கலாம். ரெண்டுக்கும் காரணம் வேற ஒண்ணா இருக்கலாம். உங்கம்மாவுக்கும் பிபி இருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்ப எதுக்குடி எங்க கைல எல்லாம் கட்டுன?"

அதன்பின் பல நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். ஒரு காலை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர், அடுப்பைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "பொய் எழுத வேணாம். ஆனா அந்தப் பெயிண்டு அடிச்சத எழுதாம வுட்றாத."

எழுதினேன். ஆய்வின் குறைகளைச் சொல்லும் பகுதியில், ஆட்கள் குறைவு, நாமே தேர்ந்தெடுத்த ஆட்கள், தூக்கத்தை அவரவர் வாய்ச்சொல்லை நம்பித்தான் எழுதினோம் என்பதையெல்லாம் சொல்லிவிட்டு, சுவர்களில் எண் எழுதப்பட்டதையும் அதற்குப் பின் எடுத்த அளவுகள் தனியாக மேலே போனதையும் எழுதினேன். வாய்மொழித் தேர்வு நடத்த வந்தவர் அந்தப் பத்தியை எடுத்துவிடலாமே என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். மேடம் என் பக்கம் நின்றார்.

இயந்திரம் கடைசியில் சந்துக்குள் நுழைந்தது. நான் வந்து சேர்ந்தபோது நீங்கள் சாலையோரம் குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தீர்கள். அழவில்லை. "எங்க வூட்ட தொடுறதுக்கு முன்னாடி ஹாரன் அடிச்சான் பாப்பா. மாட்டுக்கு அடிக்கிற மாதிரி" என்றீர்கள்.

இடித்த வீட்டுக்குப் பதிலாக நகரத்தின் மறு ஓரத்தில் ஃப்ளாட் கிடைத்தது. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி ஜங்புராவுக்கே வேலைக்கு வந்தீர்கள். அலைச்சலில் மாத்திரை ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. பனிக்காலத்தில் ஒரு காலை, பஸ் ஸ்டாப்பில் வாய் கோணி விழுந்துவிட்டீர்கள் என்று செல்வி போன் செய்தாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த பிறகு, சாமான் பிரிக்காத அந்த ஃப்ளாட்டில் செல்வி என் எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க படிச்சிருக்கீங்க. சொல்லுங்க. வூட்ட இடிச்சதாலதான எங்கம்மா போச்சு?"

நின்றுபோன மாத்திரை, உங்கள் அம்மா, இரண்டு பஸ், பனி எல்லாம் என் தொண்டைக்குள் வரிசையாக நின்றன. ஆமாம் என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? "தெரியல செல்வி" என்றேன். அவள் முகம் இறுகிவிட்டது. "ஆனா பெயிண்ட் அடிச்ச வாரத்துலேர்ந்து அம்மா தூங்கல. அந்த வாரம் பிபி ஏறிச்சு. அதுக்கப்புறம் நான் பாத்த எந்தத் தடவையும் எறங்கல. இது எனக்குத் தெரியும். யார் கேட்டாலும் சொல்லுவேன்."

"எழுதியிருக்கீங்களா?"

"எழுதியிருக்கேன்."

அதன்பின்தான் அவள் அழுதாள், அக்கா. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இப்போது ஓர் ஆய்வுக் குழுவில் வேலை பார்க்கிறேன். வீடு இடிபட்டவர்களைக் குடியேற்றிய புதிய குடியிருப்புகளுக்குப் போகிறோம், கைகளை நீட்டச் சொல்கிறோம். கேள்விகளைத் தயாரிக்கும்போது ஒன்றை மட்டும் எப்போதும் நானே சேர்ப்பேன்: "இப்போ எதை நெனச்சு உங்களுக்குப் பயமா இருக்கு?" சிலர் உடனே சொல்கிறார்கள். சிலர் பதில் சொல்லாமல் திரும்பி வாசலைப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கிறவர்களிடம் நான் அடுத்த கேள்விக்குப் போவதில்லை. அவர்களோடு சேர்ந்து நானும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.