சாசேஜுக்கும் சர்க்கரை ஏறியது

டுலூத்,
அக்டோபர் 9, 1994

அன்புள்ள ஆர்விட்டுக்கு,

இங்கு நலம். உங்கள் கப்பலும் அது சுமக்கும் இரும்புத்தாதும் நலமென்று நம்புகிறேன். ஏரிக்காற்று குளிரத் தொடங்கிவிட்டது. நம் வீட்டு ஜன்னல் இடுக்குகளை நானே அடைத்துவிட்டேன். நன்றாக இல்லை, ஆனால் காற்று வரவில்லை.

வசந்தத்தில் நீங்கள் கப்பல் சமையலறையில் மயங்கி விழுந்ததை உங்கள் கேப்டன் சொல்லித்தான் அறிந்தேன். அந்த வாரம் நீங்கள் எழுதிய கடிதத்தில் பட்டாணி சூப்பைப் பற்றி மட்டுமே இருந்தது. கப்பல் முழுவதற்கும் சமைக்க மீன் அறுக்கிற மனிதர், சர்க்கரை பார்க்க விரலில் ஒரு சொட்டு ரத்தம் என்றால் மட்டும் முகம் வெளுத்துப் போகிறார். ஊசி குத்தாமல் சர்க்கரை பார்க்கும் கருவியைச் சோதிக்க ஆட்கள் வேண்டும் என்று மருத்துவக் கல்லூரியில் கேட்டபோது, சர்க்கரை நோய் இல்லாத நான் பெயர் கொடுத்தது அதனால்தான்.

கண்ணுக்குத் தெரியாத ஒருவகை வெளிச்சத்தை முன்கைக்குள் அனுப்புகிறார்கள். ரத்தச் சர்க்கரை அதில் சிறிது விழுங்கும். மீதி திரும்பி வருவதை வைத்துக் கணக்கு. காலை எட்டுக்கு விளக்கைப் போடுவார்கள், எங்களுக்கு இனிப்புத் தண்ணீர் தருவார்கள், ஒப்பிட்டுப் பார்க்க ரத்தமும் எடுப்பார்கள். ஊசியை ஒழிப்பதற்கு ஏராளமான ஊசிகள் தேவைப்படுகின்றன. நம் ஊர் வழக்கப்படி பத்து நிமிடம் முன்பே வந்து, கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக் காத்திருந்தோம். ஒருவரும் ஒருநாளும் தாமதிக்கவில்லை. கருவி சொன்னதும் ரத்தம் சொன்னதும் அப்படியே பொருந்தின. கேக் வெட்டினோம்.

அந்தப் பொருத்தம்தான் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் லுண்டுக்கு உறுத்தியிருக்கிறது. மறுநாள் காலை என் கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாசேஜை, கடையில் வாங்கிய இறைச்சிக் குழலை, வைத்தார். அதற்கும் சர்க்கரை ஏறியது, என்னைவிட ஒழுங்காக. அடுத்த நாற்காலியில் இருந்த எல்மர், ஓய்வுபெற்ற தபால்காரர், "ஐயோ பாவம், இனிமே அதுக்கு கேக் குடுக்காதீங்க டாக்டர்" என்றார்.

நடந்தது இதுதான். விளக்கு மெல்லச் சூடேறும் அதே நேரத்தில் எங்கள் சர்க்கரையும் ஏறியது. கருவி விளக்கின் சூட்டைப் படித்துவிட்டு எங்களைப் படித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்களில் தாமதமாக வரும் ஒரு சோம்பேறி இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். இவ்வளவு நேரம் தவறாத ஜனங்களை நம்பி விஞ்ஞானம் செய்யக்கூடாது.

டாக்டர் லுண்ட் கணக்கை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இப்போது விளக்கு அணைவதே இல்லை. யாருக்கு எப்போது இனிப்பு, யாருக்கு வெறும் தண்ணீர் என்பது சீட்டுக் குலுக்கி முடிவாகிறது. வெள்ளிக்கிழமை சாசேஜின் சர்க்கரை அசையாமல் கிடந்தது. என் சர்க்கரை ஏறியபோது கருவியும் ஏறியது, இறங்கியபோது இறங்கியது. கொஞ்சம் தள்ளாடித்தான், ஆனாலும் என்னைத்தான் படித்தது. டாக்டர் வெகுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, "மோசமில்ல" என்றார். நம் ஊரில் இதற்குமேல் ஒருவர் துள்ளிக் குதிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

நோயாளிகள் நம்பும்படி ஆவதற்கு இன்னும் பல வருடங்கள் ஆகுமாம். ஆகட்டும். அதுவரை காலையில் அந்த ஊசியைக் குத்திக்கொள்ளுங்கள், ஆர்விட். கண்ணை மூடிக்கொண்டே குத்துங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன். கருவி வரும் நாளில் அதன்மேல் வைக்க உங்கள் கை வேண்டும்.

உங்கள்,
மார்லிஸ்