எச்சிலில் தெரிந்தது

கார்த்திகை 9, செவ்வாய்

பொத்தேரியில் பல் டாக்டருக்குப் படிக்கும் பேத்தி பவித்ரா, என் எச்சிலையும் என் மகன் எச்சிலையும் காலேஜில் சோதித்துவிட்டு வந்தாள். எச்சிலிலேயே ரத்த வகை தெரியுமாம். அவனுக்கு பி என்று தெரிந்ததாம். என் ரத்தமும் பிதான், ஆனால் எச்சிலில் ஒன்றும் தெரியவில்லையாம்.

"எனக்கு மட்டும் என்னடி குறை?"

"குறையெல்லாம் இல்ல பாட்டி. சில பேருக்கு எச்சில்ல வராது. அப்பாவுக்கு வருதுன்னா அது தாத்தா கொடுத்தது. உன்கிட்டதான் இல்லையே."

அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவரைத் தொடாமலே அவர் எச்சிலில் என்ன இருந்தது என்று சொல்லிவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி.

கல்யாணத்தன்று அவர் சாப்பிட்ட இலையிலேயே எனக்கும் பரிமாறினார்கள். அந்த இலையிலும் அவர் ரத்தத்தின் அடையாளம் இருந்திருக்கிறது. எச்சில் என்று கூசி, நான் ஒரு வாய்தான் சாப்பிட்டேன்.