நோவு அம்மாவுக்கு, கசாயம் எனக்கு

மல்லசமுத்திரம்
20.1.1983

அன்பு மகள் வசந்தாமணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. புனாவில் நீயும் மாப்பிள்ளையும் பெரியவனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் இங்கு யாவரும் நலம் என்று எழுதிவிடுவேன், இந்தத் தடவை முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள் கண்ணு. பயப்படாமல் உட்கார்ந்து படி.

பெரியவன் பள்ளிக்கூடத்தை விட்டு வர முடியாது, இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா புனாவுக்கு வருவாளா என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டும் நான் மழையையும் பருத்தியையும் எழுதி மழுப்பிக்கொண்டிருந்தேன். காரணம் இதுதான். புரட்டாசியிலிருந்தே அம்மாவுக்கு வயிறு கெட்டு ரத்தமாகப் போயிருக்கிறது, வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடமே மறைத்துவிட்டாள். தெரிந்த அன்றே சேலத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலில் புண், இதற்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர் என்றார். உன் அம்மா காதில் கொலை மட்டும்தான் விழுந்தது. ஏனுங்க, கொலைங்கறாரே, அப்ப நான் பொழைக்க மாட்டனுங்களா என்று அவள் ஓவென்று அழ, வெளியே காத்திருந்த ஜனமெல்லாம் போலீஸ் கேஸ் என்று கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தது. டாக்டர் பொறுமைசாலி. இது ஒட்டுகிற நோய் இல்லை, அடியோடு போய்விடும் என்று சொல்ல மாட்டேன், மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட்டால் அடக்கி வைக்கலாம் என்று நிதானமாகச் சொன்னார். அந்தப் பெயரை மட்டும் அம்மா காதுபட நீ சொல்லிவிடாதே, நாங்கள் வீட்டில் குடல் புண் என்றுதான் சொல்கிறோம்.

அவளுக்கு நோவைவிட ஊர் வாய்தான் பெரிய பயம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது ஆட்டையாம்பட்டி தாண்டியதும் பஸ்ஸில் அவள் முகம் வெளுத்துப்போய் என் கையை இறுக்கிப் பிடித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்று, கண்டக்டரே நிறுத்துங்க, எனக்கு வவுறு கலக்குதுங்க என்று கத்திவிட்டேன். இவரைத் தனியா உட முடியுமாங்க என்று அவளும் கூடவே இறங்கினாள். அவள் சோளக்காட்டுக்குள் போக, நான் வரப்பில் நின்று யாரும் வராமல் காவல் காத்தேன். திரும்பி ஏறியதும் பஸ்ஸே என்னைப் பார்த்து உச்சுக் கொட்டியது. அந்த பஸ்ஸில் நம் பக்கத்துக்காட்டுக் காளியாத்தாள் இருந்ததை நான் பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் சென்னியப்பனுக்கு வயிற்றுப்போக்கு என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு என் பாடு கேட்காதே. காளியாத்தாள் நாள் தவறாமல் மாதுளைத் தோல் கசாயத்தோடு வந்துவிடுவாள், நான் குடித்து முடிக்கும்வரை நகர மாட்டாள். எனக்கோ கல் தின்றாலும் செரிக்கிற வயிறு, அது கசாயத்தால் கட்டிக்கொண்டு நான் பட்ட அவஸ்தையை மகளுக்கு எழுத முடியாது. அம்மாவுக்குக் காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானும் மிளகாயை விட்டுத் தயிர்ச்சோறும் குழைந்த பருப்புமாகத் தின்று இளைத்துப்போனேன். அவளுக்கு மாத்திரையில் பசியெடுத்து முகம் பூரித்துவிட்டது. நோயாளி யார் என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் எத்தனை தேற்றினாலும் அவள் வாசற்படி தாண்ட மறுத்தாள். மக ஊட்டுக்கு ரயில்ல போயி வழியெல்லாம் அசிங்கப்படச் சொல்றீங்களா என்று அழுவாள். பிள்ளைப்பேற்றுக்குப் பெற்றவள் இல்லாமல் நீ என்ன செய்வாய் என்று நினைத்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தம்பி, உன் அப்புசாமி மாமன் வீட்டில் கெடா விருந்து. தம்பி வீடு என்பதால் எப்படியோ கெஞ்சிக் கூட்டிப்போனேன். பந்தியில் உட்கார்ந்தேன், கறி வாசத்திலேயே எனக்கு உயிர் திரும்பியது. உன் மாமன் வாளியோடு என் இலைக்கு வந்தவன், மச்சானுக்குக் கறி ஆகாதுங்க, ரசஞ்சோறு போடுங்க என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டான். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. பெண்கள் பக்கமிருந்து உன் அம்மா விறுவிறுவென்று ஆம்பளைகள் பந்தி நடுவில் வந்து நின்றாள். டேய் அப்புசாமி, அவருக்கு ஒண்ணுமில்ல, நோவு எனக்குத்தான், எம்மானத்தக் காப்பாத்தறதுக்கு அந்த மனுசன் கண்ட கசாயத்தையும் குடிச்சிட்டுக் கெடக்கறாரு, கறியப் போடுறா என்றாள். விருந்துக்கு வந்திருந்த காளியாத்தாள்தான், அப்ப எங்கசாயமெல்லாம் வீணாப் போச்சா சாமி என்று நொந்துகொண்டாள். பந்தலே சிரித்தது, உன் அம்மாவும் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸை அவளே நிறுத்தினாள். கண்டக்டரே, எனக்குத்தானுங்க, செத்த நேரம் நில்லுங்க என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள், பஸ் பாட்டுக்குக் காத்து நின்றது. வந்து உட்கார்ந்ததும், ஏனுங்க, ரயில்ல கக்கூசு கூடவே வருமாமே, அப்பறம் என்னத்துக்குச் சோளக்காடு, டிக்கெட்டு எடுங்க, கக்கூசுக்குப் பக்கத்துலயே பாத்து எடுங்க என்றாள். டாக்டரும் மாத்திரையை எடுத்துக்கொண்டு தாராளமாகப் போகச் சொல்லிவிட்டார்.

ஆகவே மாசி பிறந்ததும் நாங்கள் இருவரும் வருகிறோம். அம்மாவை இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று வற்புறுத்தாதே, வேண்டாம் என்றால் விட்டுவிடு. வயிறு எப்படி இருக்கிறது என்று நொடிக்கொரு தரம் கேட்காதே, அதை நான் கேட்டே திட்டு வாங்கியாயிற்று. நீ கனமான குடத்தைத் தூக்காதே. தாயும் பிள்ளையும் வேறு வேறாகி நல்லபடி இருக்க நம் குலசாமி துணை இருக்கும். மறக்காமல் ஒன்று எழுது, உங்கள் குடியிருப்பில் கக்கூஸ் வீட்டுக்குள்ளேயா, மாடிக்கு ஒன்றா? அம்மா கேட்கச் சொன்னாள். மாடிக்கு ஒன்றுதான் என்றாலும் பரவாயில்லை, கதவைத் தட்டி அவசரம் எனக்குத்தான் என்று சொல்ல இந்தியில் ஒரு வரி எழுதி அனுப்பு, நான் மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
வயிற்றுக்கு ஒன்றுமில்லாத உன் அப்பா
சென்னியப்பன்