ரபீக்கின் கைக்கு ஒரு ராடு

புதன், இரவு.

நண்பன் ரபீக் வீட்டிலிருந்து திரும்பியதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. பக்கவாதம் வந்த பிறகு அவனுக்கு வலது கை விரல்கள் சரியாக மடங்குவதில்லை. அதனால் அவனுடைய தூண்டில் ராடை வீட்டுக்கு எடுத்து வந்து, கைப்பிடியைப் பருமனாக்கி, மேலே மெத்தென்று ஆட்டுத்தோல் சுற்றினேன். நரம்பு சுற்றும் கனமான ரீலைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்று மாட்டினேன். மோர்தானா அணைக்கு மீன் பிடிக்க என்னோடு மறுபடி வருவான் என்று நம்பித்தான் செய்தேன்.

மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்தபடி வாங்கினான். நுனி மெல்லத் தாழ்ந்து தரையைத் தொட்டது. இன்னொரு முறை தூக்கினான். பிடி நழுவி, ராடு மடியில் விழுந்தது.

“இன்னா டில்லி, வெயிட்டு ஜாஸ்தியா கீதே. இன்னும் கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா?” என்றான்.

இனிமேல் அதில் குறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும், “பண்ணிடலாம் தோஸ்த்” என்று சொல்லிவிட்டேன்.

அவன் மனைவி நசீமா வாசல் வரை வந்தாள். “எதுக்குண்ணா அப்டி சொன்னீங்க? ஞாயித்துக்கெழம டேமுக்குப் போணும், பைய எடுத்து வைன்னு இப்பவே சொல்றாரு” என்றாள். ராடைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினேன்.

ராடு இப்போது என் வேலை மேசைமேல் கிடக்கிறது. சுற்றிய தோலைப் பிரித்தேன். ரீலையும் கழற்றினேன். வெறும் கம்பை மட்டும் தூக்கிப் பார்த்தேன். என் கைக்கு அதில் கனமே இல்லை.