அவுகளுக்குக் காரம் ஆகாது

அக்டோபர் 19, சனி

சுந்தர்ராஜ் இன்றும் கேலரிக்குப் போயிருக்கிறார். (நேரில் 'ஏங்க'தான். புருஷன் பெயரை முழுசாக எழுதும் சுதந்திரம் இந்த டயரியில் மட்டும்.) பெரியகுளம் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் ரெஸ்டோபார் அது. சுவர் அகலத்துக்கு டிவி, அதில் கபடியோ கிரிக்கெட்டோ, கையில் பீர், கேரளத்துக் கட்டப்பனையிலிருந்து வந்த சமையல்காரர். தேனியில் பாதி ஆம்பளைகள் அங்கேதான் கிடக்கிறார்கள். அவர்கள் எதற்குப் போகிறார்கள் என்று தெரிகிறது. இவர் எதற்குப் போகிறார்? பீரைத் தொட மாட்டார். மேட்ச் போட்டால் கொஞ்ச நேரத்தில் குறட்டை. சொட்டுநீர்க் குழாய் ஏஜென்சி நடத்துகிறவருக்கு அங்கே என்ன வேலை?

"கஸ்டமர் கூப்பிட்டாக" என்றார். சனிக்கிழமை தவறாமல் கூப்பிடுகிற கஸ்டமர்!

வந்ததும் சட்டையை முகர்ந்து பார்த்தேன். மீன் வறுவல் வாசனை மட்டும். பீர் வாசனை அடித்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

சாப்பிடும்போது சொல்கிறார்: "பாடிப் போறவன் கோட்டைத் தாண்டாமத் திரும்புனா அவுட்டு. தெரியுமா பவானி?" கபடிக்கும் இவருக்கும் ஏழு ஜென்மத்துக்கும் சம்பந்தமில்லை. யார் சொல்லிக்கொடுத்தது?

அக்டோபர் 26, சனி

மாடியில் துணி எடுக்கப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். கேலரிக்குத்தான்.

"ரெண்டு பேருதாங்க. ஓரத்து டேபிளாப் பாத்துப் போட்டு வைங்க. ஏசிக்கு நேரா வேணாம், அவுகளுக்கு ஒத்துக்காது. மீன்ல காரத்தைக் கொறைக்கச் சொல்லுங்க. அவுகளுக்குக் காரம் ஆகாது."

அவுக!

என்னைப் பார்த்ததும் போனைப் பையில் போட்டுக்கொண்டு, "துணி காஞ்சிருச்சா?" என்று கேட்டார். நல்ல வெயில். காய்ந்தது தெரியவில்லையாக்கும்.

அக்டோபர் 27, ஞாயிறு

சர்ச்சில் போதகர் என்ன பிரசங்கம் செய்தார் என்றே தெரியவில்லை. அந்த ஒரு சொல்லையே பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் தமிழாசிரியை. ஏழாம் வகுப்புக்கு ஒருமை, பன்மை, பால் எல்லாம் நடத்துகிறவள். அவர்கள் தேய்ந்து அவுக ஆனது. பலர்பால். மரியாதைக்கு ஒருவரையும் சொல்லலாம், ஆணையும் சொல்லலாம், பெண்ணையும் சொல்லலாம். இலக்கணம் இவ்வளவோடு கையை விரித்துவிடுகிறது. ஆனால் இவரோடு ஏழு வருஷம் குடும்பம் நடத்துகிறேன், இவர் இலக்கணம் எனக்குத் தெரியாதா? மேனேஜர் வந்தால் 'அவரு'. போதகர் 'ஐயரு'. கூட்டாளி 'அவன்'. ஒரே ஆளை 'அவுக' என்று இவர் சொல்லி நான் கேட்டதெல்லாம் பொம்பளைகளைத்தான். டாக்டரம்மா சொன்னாக. டீச்சர் வந்தாக.

பொம்பளை. காரம் ஆகாத, ஏசி ஒத்துக்காத, கபடி தெரிந்த பொம்பளை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கம்பத்தில் இருக்கும் என் பிறந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை. எந்த வருஷமும் வராது. வேறு சாதி, வேறு சாமி என்று இவரைக் கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு அப்பா சொன்னது: "இனி இங்கன வாசப்படி மிதிச்ச, நான் மனுசனா இருக்க மாட்டேன்." அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். நடுவில் நின்று பேச ஆள் இல்லை.

ஏஞ்சலுக்கு ஆறு வயதாகிறது. மத்தாப்பைத் தலைகீழாகப் பிடிக்கிறாள். கையைப் பிடித்துத் திருத்த ஒரு தாத்தா இருக்கிறார், எட்டாத தூரமில்லை, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

நவம்பர் 2, சனி

கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். உமாதேவி. குழாய்க் கம்பெனியின் புது ஏரியா ஆபீசர். ஜூன் மாதம் வந்தவள். காலேஜில் கபடி டீமாம், மெடலோடு நிற்கிற போட்டோவைப் போனில் வைத்திருக்கிறாள்.

சாப்பாடு கொடுக்கிற சாக்கில் ஏஜென்சிக்குப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தாள். நல்ல உயரம். சிரித்த முகம். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"கேலரிக்குப் போயிருக்கீங்களா மேடம்? மீன் நல்லாருக்குமாமே?"

"ஐயோ, எனக்கு மீனே ஆகாது மேடம்."

காரம் ஆகாது. மீனும் ஆகாதாம். எதுதான் ஆகும் இவளுக்கு, என் புருஷனைத் தவிர? எழுதிவிட்டு எனக்கே அசிங்கமாக இருக்கிறது. எழுதியதை அடிக்க மாட்டேன். இருக்கட்டும்.

சாயங்காலம் இவர் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு கிளம்பினார். யாருக்காக?

நவம்பர் 8, வெள்ளி

நாளைக்கு நானே போகிறேன். போய்ப் பார்த்துவிடுவது. இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். அவளாக இருந்தால் என்ன செய்வேன்? கம்பத்துக்குத் திரும்ப முடியாது. போக எனக்கு வேறு வீடு கிடையாது. இது அந்த மனுஷனுக்குத் தெரியும்தானே? தெரிந்துமா?

நவம்பர் 9, சனி

போய்ப் பார்த்துவிட்டேன்.

ஏஞ்சலைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் போனேன். கேலரியில் இரண்டு ஹால். பேமிலி ஹாலில் பீர் கிடையாது. நடுவில் கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் பார். அவர் கண்ணில் படாமல் உட்கார வேண்டுமே என்று பேமிலி ஹாலில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எதையாவது ஆர்டர் செய்தாக வேண்டும். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் என்றேன்.

கண்ணாடி வழியாக பார் பக்கத்து ஓரத்து டேபிள் தெரிந்தது. சுந்தர்ராஜின் முதுகு. முன்னால் எலுமிச்சை சோடா. எதிரில் இருக்கும் ஆள் டிவிக்குத் திரும்பியிருந்ததால் சேரின் முதுகுதான் தெரிந்தது. கபடி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவன் பிடிபட்டான். ஹாலே கத்தியது. எதிரில் இருந்த ஆள் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, தொடையைத் தட்டி—

அப்பா.

என் அப்பா. கருத்தக்கண்ணன். கையில் பீர் கிளாஸ். மீசையில் நுரை. குடிக்கிறவனை வீட்டுத் தெருவில்கூட நிற்க விடாத மனுஷன்.

முதலில் அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே வயிறு எரிந்தது. பொம்பளையா இருந்திருந்தா முடியப் பிடிச்சு இழுத்திருப்பேன், இதுக்கு என்னத்தப் பண்றது? எத்தனை தீபாவளி! ஒரு போன் இல்ல. என்னை இழுத்துக்கிட்டு வந்தவருக்கு மட்டும் மீன் வறுவல் ஊட்டாத குறை. நான் என்ன பாவம் பண்ணேன்?

சர்வர் கப்பையைக் கொண்டுவந்து வைத்தார். அழுதுகொண்டே முழுசாகச் சாப்பிட்டேன். சமையல்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் பார்ப்பதற்குள் வந்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை. ஆகஸ்டில் அப்பா திராட்சைத் தோட்டத்துக்குக் குழாய் வாங்க ஏஜென்சிக்கு வந்திருக்கிறார். யார் கடை என்று தெரியாமல் வந்தேன் என்றாராம். போர்டில் இவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. கிளம்பும்போது, "பெரிய டிவில கபடி போடுற கடை ஒண்ணு இருக்காமே, எங்கன இருக்கு மாப்ள?" என்று கேட்டாராம். மாப்ள!

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒன்கிட்டச் சொன்னா அதோட வரமாட்டேன்னுட்டாக."

"என்னப் பத்திக் கேப்பாரா?"

"ஒரு வார்த்தை கேக்க மாட்டாக. நானாத்தான் சொல்லிக்கிட்டிருப்பேன். நீ ஸ்கூல்ல நாடகம் போட்டது, ஏஞ்சலுக்குப் பல்லு விழுந்தது எல்லாம். அவுக பாட்டுக்கு டிவியவே பாத்துக்கிருப்பாக. நான் நிறுத்துனாத்தான் திரும்பி என்னப் பாப்பாக."

அதற்கு மேல் சண்டை போட வரவில்லை.

"காரம் எப்போருந்து ஆகாது அப்பாவுக்கு?"

"ரெண்டு வருசமா அல்சராம்."

மருமகனுக்குத் தெரிந்திருக்கிறது. பெற்ற மகளுக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் மாமனாரை எந்த மருமகனும் 'அவரு' என்று சொல்ல மாட்டான். அவுகதான். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இவருக்கு மாமனாரைப் பற்றிப் பேசுகிற கொடுப்பினையே இல்லாமல் இருந்ததால் நான் அந்த அவுகவை ஒரு நாளும் கேட்டதில்லை. பாவம், உமாதேவி. அவளுக்கு ஒரு நாள் சாப்பாடு போட வேண்டும். மீன் இல்லாமல்.

நவம்பர் 12, செவ்வாய்

அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டு உண்மையிலேயே கேட்கிறாரா? இவர் என்னைச் சமாதானப்படுத்த அப்படிச் சொல்கிறாரா? சோதித்துப் பார்க்காமல் நம்பினால் நான் பவானி இல்லை.

நவம்பர் 16, சனி

இவர் கிளம்பும்போது சொன்னேன்: "அப்பாட்ட எனக்குக் காய்ச்சல்னு சொல்லுங்க."

"நல்லாத்தான இருக்க?"

"சொல்லுங்க."

"பொய்யா?" ஏதோ கொலை செய்யச் சொன்ன மாதிரி பார்த்தார்.

ஏஞ்சலுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். காலிங் பெல். வாசலில் அப்பா, பின்னால் செருப்பைக் கழற்றாமல் இவர். அப்பாவுக்குக் கழுத்துக்குக் கீழே எல்லாம் மெலிந்துவிட்டது. புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"சுடலையே."

"பொய்தாம்ப்பா."

"தெரியும். மாப்ளைக்குப் பொய் சொல்ல வரலத்தா. மூஞ்சி வேர்த்து வடியுது."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். வாயில் தோசையோடு ஏஞ்சல் நின்றுகொண்டிருந்தாள். "ஆட்டம் முடியல. டிவியப் போடச் சொல்லு அவளை" என்று சொல்லிக்கொண்டே வாசப்படி தாண்டி வந்தார். எங்கள் டிவி சின்னது. அப்பா அதற்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, ஒரு கோடு விடாமல் ஏஞ்சலுக்கு விளக்கினார். நான் சமையல்கட்டில் நின்று நன்றாக அழுதேன். தோசை ஒன்று கருகிவிட்டது.

நவம்பர் 23, சனி

கேலரிக்கு நான்கு பேராகப் போனோம். ஏஞ்சல் இருப்பதால் பேமிலி ஹால். அப்பா எலுமிச்சை சோடா கேட்டார், காரமில்லாத மீன் கேட்டார். இந்தக் கருமாந்திரத்தை எல்லாம் எப்படித்தான் குடிக்கிறார்களோ என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சலித்துக்கொண்டார். கை கழுவ என்று இரண்டு முறை எழுந்து போனார். கை கழுவ இவ்வளவு நேரமா? திரும்பி வரும்போது வாய் நிறைய சோம்பு.

எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. கேட்கவில்லை.