நீ கட்டிவிட்டுப் போன எர்த் ஒயர்

காஜுவாக்கா,
டிசம்பர் 19

அன்புள்ள பைடிராஜுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதினால் அது பொய், அதனால் நீ நலமாயிரு என்று மட்டும் எழுதுகிறேன். பதினெட்டு நாளாக நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. உன்னைப் பெற்ற நாயனா கூப்பிட்டால் எடுக்கிறாய். அதனால் மஸ்கட் திரும்பும் கோவிந்து கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மாங்காய் ஊறுகாயும் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன். கோபம் வேறு, வயிறு வேறு. கடிதத்தைப் படிக்காமல் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும், ஆகவே முதலில் படிக்க வைத்துவிட்டுத்தான் பாட்டிலைக் கொடுக்க வேண்டும் என்று கோவிந்துவிடம் சொல்லியிருக்கிறேன்.

தசராவுக்கு மறுநாள் உன் நூகராஜு மாமா ஓட்டிய டிரெய்லரின் பின்னால் பால்காரர் ஒருவர் பைக்கோடு மோதினார் என்பது உனக்குத் தெரியும். அவருக்கு இடது கால் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள் என்பதும் தெரியும். சூரியன் இறங்கி இருட்டு கூடுகிற நேரம், ஸ்டீல் இறக்கிவிட்டு மாமா வெற்று வண்டியாகத் திரும்புகிறான், பின்னால் ஒரு விளக்கும் எரியவில்லை. மாமாவோ, யார்டிலிருந்து கிளம்பும்போது எரிந்தது, சுவிட்ச் போட்டுத்தான் இருந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். பிரேக் இன்ஸ்பெக்டர் ஸ்டேஷன் வாசலில் வண்டியை நேராக நிறுத்தி சுவிட்சைத் தட்டினார், எல்லா விளக்கும் எரிந்தது. விளக்கு நன்றாக இருக்கிறது, ஓட்டுநர் போடவில்லை என்று எழுதிவிட்டார். பண்டிகைக்குக் குடித்த குடி இறங்கியிருக்காது என்று ஊரே பேசிற்று. உன் மாமா குடித்து ஒன்பது வருஷமாகிறது. அவனுடைய உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இருபத்தைந்து வருஷம் வண்டி ஓட்டியவன் இன்றைக்கு ஒரு சிமெண்டு கிடங்கு வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிற வண்டியின் நம்பரை எழுதிக்கொண்டிருக்கிறான்.

போன மாதக் கடைசியில் அதே டிரெய்லர் நம் ஷெட்டுக்கு வந்தது, நடு அச்சில் ஸ்பிரிங்கின் மெயின் பட்டை ஒடிந்துவிட்டதென்று. ஒடியாமல் என்ன செய்யும், வண்டி முதலாளி கேட்டாரென்று அளவுக்கு மேல் ஒரு பட்டை சேர்த்து அடித்துக் கொடுத்தவர் உன் நாயனாதானே. பாரம் இருந்தால் தாங்கும், வெறும் வண்டியாகப் போனால் தூக்கித் தூக்கிப் போடும் என்று அன்றைக்கே சொன்னேன், பெண்பிள்ளை பேச்சு என்று சிரித்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி யூ போல்ட்டைக் கழற்றும்போது ஸ்பானர் எடுத்துக் கொடுக்கக் கீழே குனிந்தேன். பின்விளக்கின் எர்த் ஒயர் முன்னால், முன்வண்டியில் செருகுகிற பிளக் வரைக்கும் போகாமல் பாதியில் நின்று, சேஸிஸ் போல்ட்டில் சுற்றியிருந்தது. சைக்கிள் டியூப் சுற்றி, அதன்மேல் மீன்வலை நூலால் மூன்று முடிச்சு. அப்படிக் கட்டுகிறவன் இந்த ஆட்டோ நகரில் நீ ஒருவன்தான்.

நீ கட்டிய அன்றைக்கு எர்த் ஒயர் அறுந்திருந்தது, புதிதாக இழுக்க அரை நாள் ஆகும், உனக்கு மறுநாள் விமானம். இரும்போடு இரும்பு தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது, இரண்டு வண்டியையும் பிணைக்கிற கிங் பின் வழியாக எர்த் முன்வண்டிக்குப் போய்விடும் என்று நினைத்தாய். போகவும் போனது, டிரெய்லர் உட்காருகிற டர்ன்டேபிள் காய்ந்து கிடந்த வரைக்கும். தசராவுக்கு மாமா என்ன செய்வான் என்று உனக்குத் தெரியாதா? இரண்டு வண்டியையும் பிரித்து, கழுவி, டர்ன்டேபிளைச் சுரண்டி கிரீஸை அப்பி, குங்குமம் வைத்து, எலுமிச்சையை சக்கரத்தில் நசுக்கித்தான் ஏறுவான். சின்ன வயதில் அந்த கிரீஸ் கையோடு நீ பூஜைப் புளிஹோராச் சோறு தின்றவன். அந்த கிரீஸ்தான் எர்த்தை அறுத்தது. நேராக நின்றால் வண்டியின் கனத்தில் இரும்பு தொடும், விளக்கு எரியும். வெற்று வண்டி திரும்பும்போது அந்தக் கூடுதல் பட்டை தூக்கிப் போட்டால் அணைந்துவிடும். சாமி கும்பிட்டதற்குக் கிடைத்த கூலி அது.

உன் நாயனா உடனே உனக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் இருப்பது உனக்குத் தெரியாது. "புது ஒயர் இழுத்து விட்டுடு நாயனா, யாருக்குத் தெரியப் போவுது? மாமா எப்படியும் சமாளிச்சுக்குவாரு. எனக்கு இங்க வேலை போயிடும்" என்று சொன்னாய். உன்னை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போனது அந்த முன்வண்டிதான், பெட்டியை உள்ளே வரைக்கும் சுமந்து வந்தவன் அந்த மாமாதான். நான் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. எழுந்து புது ஒயர்ச் சுருளை என் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

மாமாவைக் கூட்டிவந்து காட்டினேன். உட்கார்ந்து அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். "பொழைக்கப் போன பையன் அக்கா. நான் சுவிட்ச் போட மறந்ததாவே இருக்கட்டும்" என்றான். நான் விடவில்லை. டிரைவர்கள் சங்கத்தில் சொல்லி இன்ஸ்பெக்டரை மறுபடி வரவழைத்தேன். "தம்பிக்காகப் பெத்த புள்ளையக் காட்டிக் கொடுக்கிறியா" என்று உன் நாயனா கேட்டார். தம்பிக்காகவும்தான். பால்காரரின் மனைவி சந்தைக்கு எதிரே கேனை வைத்துக்கொண்டு நிற்பதைத் தினமும் பார்க்கிறேனே, அதற்காகவும்தான்.

இன்ஸ்பெக்டர் முன்வண்டியை முழுக்கத் திருப்பி, முன்னும் பின்னும் அசைக்கச் சொன்னார். நான் எப்போதும் நிற்கிற இடத்தில், பின்னால் நின்றேன். நீ கட்டிய அன்றைக்கும் அங்கேதான் நின்று, எரியுது, போதும், போய்ப் பெட்டி கட்டு என்று சொன்னேன். திருப்பிப் பார்க்கச் சொல்லவில்லை. எனக்கும் அவசரம், பிள்ளை வெளிநாடு போகிறான் என்ற பெருமை. இந்த முறை வண்டி திரும்பியது, இரண்டு விளக்கும் செத்தன. எரியல என்று சொன்னேன். வயரிங் யார் செய்தது என்று கேட்டார். நாயனா தரையைப் பார்த்தார், மாமா தெரியாது என்றான். "என் மகன் செஞ்சான். எரியுதுன்னு சொன்னது நான். பட்டை சேத்தது இவரு" என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அதிலிருந்து உன் நாயனா ஷெட்டிலேயே படுக்கிறார், என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. சரி, அது எதிர்பார்த்ததுதான். மாமாவும் என்னோடு பேசுவதில்லை. யாருக்காகச் சொன்னேனோ அவனே தெருவில் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறான். எனக்கு வயிறு எரிகிறது பைடி, மறைத்து என்ன பயன்.

சங்கராந்தி கழிந்து இருபத்தொன்றாம் தேதி கோர்ட்டில் விசாரணை. நீ அடியில் கட்டியதை நான் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் நான் சொல்வது கேள்விப் பேச்சாம், கட்டியவன் வந்து சொன்னால்தான் மாமாவின் உரிமம் திரும்பும் என்று வக்கீல் சொல்கிறார். நீ வர வேண்டும். அங்கேயும் நீ டிரெய்லர் விளக்குதானே பார்க்கிறாய், பிளக் வரைக்கும் எர்த் இழுக்காமல் யாருடைய வண்டியையும் வெளியே விடாதே. பின்னால் நிற்பவர் எரியுது என்று சொன்னால் நம்பிவிடாதே, பெற்ற தாயே சொன்னாலும். சிம்மாசலம் அப்பன்னா சாமி உன்னைக் கண் திறந்து பார்க்கட்டும், கைகாலோடு நன்றாயிரு.

வரும் தேதியைக் கோவிந்துவிடமாவது சொல், அவன் எனக்குப் போன் செய்வான். விமான நிலையத்துக்கு மாமா வருவான் என்று வாசலில் நின்றுகொண்டிருக்காதே, வண்டி ஓட்ட அவனிடம் உரிமம் இல்லை. பஸ் பிடித்து வா.

உன் அம்மா,
சன்யாசம்மா